குறுகிய துக்கங்கள் முதலில்

பிப்ரவரி 16, திங்கள்

எங்கள் கம்பெனியில் யார் எந்த நாளில் அழலாம் என்பதை ஒரு மென்பொருள் முடிவு செய்கிறது. அது எந்த விதிப்படி முடிவு செய்ய வேண்டும் என்பதை ஜனவரியில் நான் தேர்ந்தெடுத்தேன். மாலை வகுப்பில் அந்தப் புராஜெக்டுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தாறு கிடைத்தது.

"விதி போட்டாச்சு. இனி அது என்ன பண்ணுதுன்னு நாலு மாசம் தேதி போட்டு எழுதிட்டு வா. மீதி நாலு மார்க் அதுலதான் இருக்கு" என்றார் தனபால் சார். அதற்காக இந்த நோட்டு.

முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டியதை இப்போதாவது எழுதுகிறேன். என் பெயர் சிந்துஜா. வயது இருபத்து மூன்று. கோவை கணபதிக்கு வடக்கே, ஆழ்துளைக் கிணற்று மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் உற்பத்தித் திட்டப் பிரிவில் உதவியாளர். பகலில் வேலை, மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை வகுப்பு. அப்பா இறந்து இன்றோடு பதின்மூன்று நாள். பேக்கரி வாசலில் டீ கிளாஸோடு நின்றிருந்தவர் அப்படியே சரிந்தார் என்று சொன்னார்கள். இந்த வரியை எழுதும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காதுக்குப் பின்னால் வில்லை ஒட்டியிருப்பதால் அப்படித்தான் இருக்கும்.

மென்பொருளின் முதல் வேலை மோட்டாரைப் பற்றியதுதான். எந்த லைனில் எந்த நாள் ஐந்து எச்.பி., எந்த நாள் ஏழரை, எந்த மெஷினை எப்போது நிறுத்தி எண்ணெய் போடுவது என்று வாரத்துக்குக் கட்டம் போட்டுத் தரும். இரண்டு வருடங்களுக்கு முன், துக்கத்தை அடக்கி வைக்கும் இந்த வில்லை வந்தபோது, அழ நாள் குறிக்கும் வேலையும் அதனிடமே போயிற்று. மெஷின் நிற்கும் நேரமும் ஆள் நிற்கும் நேரமும் அதற்கு ஒரே நிறக் கட்டம். தொழிலாளர்கள் அதை ஜோசியர் என்கிறார்கள். நாள் குறித்துக் கொடுப்பதால் வந்த பெயர்.

எனக்கு வில்லையை ஒட்டியவர் கம்பெனி நர்ஸ் எஸ்தர் அக்கா. பிப்ரவரி நான்காம் தேதி மதியம், அப்பாவை எடுத்துக்கொண்டு போன பிறகு, வாசல் கழுவிய ஈரம் காய்வதற்குள் ஸ்கூட்டரில் வந்தார். மறுநாள் கோடைக்கால உற்பத்தித் திட்டத்தை இறுதி செய்யும் நாள். அந்தத் தாள்கள் என்னிடம்தான் இருந்தன.

"வலிக்காது. தண்ணித் தொட்டிக்கு மூடி போடற மாதிரிதான். உள்ள இருக்கறது உள்ளயே இருக்கும்" என்றார்.

"எத்தன நாளைக்குங்க்கா?"

"தொண்ணூறு நாள். அதுக்குள்ள ஜோசியர் உனக்கு ஒரு நாள் குடுப்பாரு. அன்னைக்கு நான் இன்னொரு வில்லை கொண்டுவந்து ஒட்டுவேன். அரை மணி நேரத்துல எல்லாம் வந்துரும். அழுது முடிச்சா சரியாப் போயிரும்."

"தொண்ணூறு தாண்டிட்டா?"

எஸ்தர் அக்கா பெட்டியை மூடினார். "தாண்டிட்டா வராது. உள்ளயே கரைஞ்சு போயிரும். ஆனா தாண்ட விடமாட்டாங்க. நீதானே பிளானிங்கு."

என் தொண்ணூறாவது நாள் மே நான்கு, திங்கட்கிழமை.

பிப்ரவரி 19, வியாழன்

நேற்று அப்பாவுக்குக் கருமாதி முடிந்தது. காலையிலிருந்தே பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் அம்மாவைக் கட்டிக்கொண்டு தோளில் தலை வைத்து அழுதார்கள். பிறகு உட்கார்ந்து மூக்கைச் சிந்திவிட்டு யார் எந்த பஸ்ஸில் வந்தார்கள் என்று பேசினார்கள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனேன். அறுபத்தொரு டம்ளர்.

அத்தை என் காதில் விழும்படியே சொன்னாள். "பெத்த புள்ள. கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல பாரு. கல்லுக்கு ரவிக்க போட்டாப்பல நிக்கிறா."

"அவளுக்கு இன்னும் நாள் வரல. கம்பெனில குடுப்பாங்க" என்றாள் அம்மா.

எல்லோரும் போன பிறகு அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"இத்தன பேரு வந்து அழுதாங்க. அவுங்கெல்லாம் அவுங்கவுங்க ஊட்டுச் சாவ நெனச்சு அழுதவிங்க. உங்கப்பனுக்குன்னு அழறதுக்கு இந்த ஊட்டுல நாம ரெண்டு பேருதான் இருக்கறோம். ஒருவாட்டி என்னையக் கட்டிப் புடிச்சு நீ அழுதுட்டயின்னா எனக்குப் போதும் சாமி."

"அழறேம்மா. நாள் வரட்டும்."

"எப்ப வரும்?"

"மே நாலுக்குள்ள."

அம்மா தினமும் காலையில் அடுப்பு பற்றவைக்கும்போது அழுகிறாள். இன்று 5.10 முதல் 5.32 வரை. இருபத்திரண்டு நிமிடம். நடுவில் நான் போய்க் காபி வைக்கட்டுமா என்று கேட்டேன். அந்தக் கேள்வி சரியானதா என்று தெரியவில்லை. வேறு எதுவும் தோன்றவில்லை.

மார்ச் 12, வியாழன்

என் விதியைப் பற்றி எழுத வேண்டும்.

அழுவதற்குக் கம்பெனியில் ஓர் அறைதான் உண்டு. அதை நடத்தச் சான்றிதழ் உள்ளவர் எஸ்தர் அக்கா ஒருவர்தான். வேலை நாட்களில் அந்த அறை ஆறு மணி நேரம் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீடுகளுக்குப் போவார். எந்தத் துக்கத்துக்கு எத்தனை மணி நேரம் என்று டாக்டர்கள் போட்ட அட்டவணை இருக்கிறது. அம்மா, அப்பாவுக்கு ஐந்து. கணவன், மனைவிக்கு ஆறு. பிள்ளைக்கு ஒன்பது. மாமன், சித்தி என்றால் இரண்டு. ஜனவரியிலிருந்து மற்றவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். நின்றுபோன நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு மணி, வளர்த்த நாய்க்கு ஒரு மணி, பரீட்சையில் அரியர் விழுந்தால் அரை மணி.

வரிசை நீளமாக இருந்தது. சராசரியாக ஒருவர் நாற்பத்தொரு நாள் காத்திருந்தார். அப்போதுதான் வகுப்பில் தனபால் சார் வரிசை விதிகள் நடத்தினார்.

"ரேஷன் கடைய நெனச்சுக்கங்க. முன்னால நிக்கறவரு நாலு கார்டுக்கு அரிசி வாங்கறாரு. பின்னால பத்துப் பேரு சீனி மட்டும் வாங்க நிக்கறாங்க. யாரை முதல்ல விட்டா கூட்டம் சீக்கிரம் கலையும்?"

"சீனிங்க சார்" என்று எல்லோரும் சொன்னோம்.

"அதான். குறைஞ்ச நேர வேலை முதல்ல. சராசரிக் காத்திருப்பு இதைவிடக் குறையவே குறையாது. கணக்குப் போட்டு நிரூபிச்சிருக்காங்க."

"அரிசிக்காரரு எப்பங்க சார் வாங்குவாரு?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்.

"கடை சாத்தறதுக்குள்ள வாங்கிருவாருய்யா. மூட்டைய வேற தூக்கணுமில்ல, மெதுவா வரட்டும்."

சிரித்தோம். சீனி வாங்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த விதியை மென்பொருளில் போட்டேன். ஒரே மாதத்தில் சராசரி ஒன்பது நாளாகக் குறைந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் பிரிவுக்கு ஒரு கோப்பை வந்தது.

இன்று வசந்தாமணி அக்கா வந்திருந்தார். வைண்டிங் பிரிவில் மோட்டாருக்குள் கம்பி கோக்கும் வேலை. விரல் நுனிகளெல்லாம் தோல் தடித்திருக்கும். தொடாமலே சுற்று எண்ணிக்கை சொல்வார் என்று பெயர். அவருடைய பையன் கவின், ஆறாம் வகுப்பு, கல்குழித் தண்ணீரில் இறந்துபோனான். ஜனவரி முப்பத்தொன்றில் வில்லை ஒட்டினார்கள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கண்ணாடி அறைக்கு வந்து தினமும் கேட்கிறார்.

"ஏனுங் அம்மிணி, ஜோசியரு என்ற நாளச் சொன்னாருங்களா?"

"இன்னும் இல்லீங்க்கா. இருக்கும். பட்டியல்ல இருக்கீங்க."

"வெத்தல பாக்கு வெச்சுக் கேட்டாத்தான் சொல்லுவாராட்டிருக்குது." சிரித்தார். வில்லை போட்டவர்களுக்குச் சிரிப்பு வரும். "அந்தப் பேக்கிங் புள்ளக்கி நாயி செத்ததுக்கு மூணே நாள்ல குடுத்துட்டாராமா?"

"அது ஒரு மணி நேரந்தானுங்க்கா. எடம் சுளுவாக் கெடச்சிரும்."

"அதுஞ்செரிதான். என்றது பெருசு."

அவர் போன பிறகு பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஜனவரியில் கடைசி ஆள் வசந்தாமணி அக்கா. இன்றும் அவர்தான். இடையில் எழுபத்து மூன்று பேர் வந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்பது மணி நேரம் வேலை நாளில் அறைக்குள் அடங்காது. ஞாயிறு மட்டுமே முடியும். ஞாயிறுகளில் எஸ்தர் அக்கா இரண்டு மணி, ஒரு மணி என்று ஐந்தாறு வீடுகளுக்குப் போகிறார். அவருக்கு முந்திய ஆள் நான்.

விதி தப்பாக வேலை செய்யவில்லை. சொன்னதைச் செய்கிறது. இதை எழுதிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தேன். ஏதாவது வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. எதுவும் வரவில்லை.

மார்ச் 30, திங்கள்

ஜெகதீசன் சாரிடம் பேசினேன். எங்கள் திட்டப் பிரிவு மேனேஜர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சிரித்தும் பார்த்ததில்லை.

"சார், விதிய மாத்தணுங்க. யாருக்குக் கெடு பக்கத்துல இருக்கோ அவங்களுக்கு முதல்லன்னு போட்டுடலாங்க."

"சீசன் முடியட்டும்மா. ஜூலைல மாத்தலாம்."

"வசந்தாமணியக்காவுக்கு ஏப்ரல் முப்பதோட முடியுதுங்க சார்."

"விதிய மாத்துனா சராசரி ஏறி முப்பதுக்குப் போயிரும். கோப்பை குடுத்தவங்க ஏன்னு கேப்பாங்க. ஒரு ஆளுக்காகவா?"

"உங்க பூட்டு இருக்குதுங்களா சார்?"

பூட்டு என்பது மென்பொருள் போட்ட திட்டத்தில் ஒரே ஒரு கட்டத்தைக் கையால் மாற்றி, அது மறுபடி மாற்றாதபடி பூட்டுவது. திட்டப் பிரிவில் ஆளுக்கு ஒரு சீசனுக்கு ஒன்று. அவசர ஆர்டருக்காக வைத்திருப்பது.

"வறட்சி நிவாரண ஆர்டருக்குப் போட்டுட்டனே. உன்னோடது இருக்கில்ல?"

"இருக்குதுங்க."

"அப்பறம் என்ன. யோசிச்சுப் பண்ணு." டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சை சாதம். "எம் பொண்டாட்டி போனப்ப எனக்கும் தாண்டிருச்சு. அப்பத்தான் புதுசா வந்துச்சு, நாள எண்ணோணும்னு யாருக்கும் தெரியல. ஒண்ணும் ஆகல பாரு. நல்லாப் பசிக்குது. நல்லாத் தூங்கறேன். ரத்த அழுத்தங்கூட இல்ல."

அவர் மேஜையில் மனைவியின் படம் இருக்கிறது. யாரும் எடுக்கச் சொல்லாததால் இருக்கிறது என்று நினைக்கிறேன். மஞ்சள் ஒட்டுத்தாள்களை அந்தக் கண்ணாடியின் மேல்தான் ஒட்டுகிறார். இன்று "பேரிங் வரவில்லை, போன் செய்" என்ற தாள் முகத்தின் மேல் இருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

தலைவலி மாத்திரை வாங்க எஸ்தர் அக்காவிடம் போனேன். களைத்திருந்தார்.

"இந்த மாசத்துல இருந்து தொழிலாளர் வீட்டு ஆளுங்களுக்கும் வில்லை தர்றாங்க. வீட்டுல ஒருத்தர் அழுதா வேலைக்கு வர்றவங்களுக்குத் தூக்கம் கெடுதாம்."

"அவங்க பேரெல்லாம் என் பட்டியல்ல இல்லீங்களே?"

"அது ஹெட் ஆபீஸ்ல தனிப் பட்டியல். ஆனா ஜோசியர் அவரேதான், விதியும் உன்னோட விதிதான். நான் ஒருத்தி எத்தனை வீட்டுக்குத்தான் போறதோ!"

ஏப்ரல் 15, புதன்

அம்மா பத்தாம் தேதிக்குப் பிறகு காலையில் அழவில்லை. ஐந்து நாள். அடுப்பைப் பற்றவைக்கிறாள், பாலை வைக்கிறாள், கோலம் போடுகிறாள். நேற்று வருடப்பிறப்புக்கு ஒரு கப் பாயசம் வைத்தாள். சாவு விழுந்த வீட்டில் இந்த வருடம் பண்டிகை கூடாதே என்று கேட்டேன். "ஆமால்ல" என்றாள்.

அம்மா தேறி வருகிறாள் என்று எழுதிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 16, வியாழன்

ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தைப் பத்து நாளுக்கு முன்பே, வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இறுதி செய்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாராலும் தொட முடியாது. ஆகவே இன்று மாலைக்குள் ஏப்ரல் 26 ஞாயிறு முடிவாக வேண்டும். வசந்தாமணி அக்காவுக்கு அதுதான் கடைசி ஞாயிறு. அம்மாவோடு வீட்டில் அழ வேண்டுமென்றால் எனக்கும் ஞாயிறுதான், கடைசி மே 3. அதற்கு அடுத்த வியாழன் வரை நேரம் இருக்கிறது. பூட்டு ஒன்று.

முறையாக யோசிக்க வேண்டும் என்று தாளில் இரண்டு பத்தி போட்டேன். அவருடையது ஒன்பது மணி, என்னுடையது ஐந்து. அவருக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள். எனக்கு அம்மா. அவர் தினமும் கேட்கிறார். அம்மா பிப்ரவரியில் ஒரு தடவை கேட்டாள். கூட்டிப் பார்க்க முடியவில்லை. இரண்டும் வேறு அலகு.

மூன்று மணிக்கு வசந்தாமணி அக்கா வந்தார். சாப்பாட்டு நேரம் இல்லாத நேரத்தில் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"அம்மிணி, இன்னைக்கு வெசாளக் கெழம. இன்னைக்கோட முடிவாயிருமுன்னு சொன்னாங்க."

"ஆமாங்க்கா."

"எனக்கு இப்ப ஒண்ணும் நோவு இல்லீங். அதான் கேக்கறதுக்கே ஒரு மாதிரி இருக்குது. பசிச்சவந்தானே சோறு கேப்பான்? ஆனா காலைல அவன் புத்தகப் பையப் பாத்தேன். ஆணில தொங்குது. பாத்தா என்னமோ பண்ணோணுமில்லீங்? பையாட்டம் தெரியுது. வெறும் பை." கையை உதறிக்கொண்டார். "அவன் அப்படியே போயிருவானாட்டிருக்குது. அதான் கேக்கறேன்."

"பாக்கறேனுங்க்கா" என்றேன்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. நான் பூட்டைப் பயன்படுத்தவில்லை. ஏப்ரல் 26-க்கு மென்பொருள் ஆறு வீடுகளைக் கொடுத்தது. அதில் ஒன்று அரியர்.

காரணத்தை எழுத வேண்டும். அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது காரணம். அது காரணமா, நான் தேடிக் கண்டுபிடித்ததா என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்கான பொருள் மூடிக்குள் இருக்கிறது.

ஏப்ரல் 23, வியாழன்

மே 3-க்கு என் பெயரைப் போட்டுப் பூட்டினேன். காலை பத்து மணி, வீட்டில், ஐந்து மணி நேரம். திரையில் சின்னப் பூட்டுப் படம் வந்தது.

வகுப்புக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"நாள் உட்டுட்டாங்களா?" என்றாள். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கண் கலங்கவில்லை.

"மே மூணும்மா. ஞாயித்துக்கெழம."

"அப்ப எனக்கும் அன்னைக்குத்தான்."

"ஆமாம்மா. ரெண்டு பேரும் அழுவோம்."

"செரி" என்றாள். கொண்டையைத் தளர்த்திக் காதை மூடிக் கட்டிக்கொண்டாள். இப்போதெல்லாம் அப்படித்தான் கட்டுகிறாள். வயசான மாதிரித் தெரிகிறது.

மே 2, சனி

நேற்று மே தின விடுமுறை. அதற்கு முந்தைய நாளோடு வசந்தாமணி அக்காவின் தொண்ணூறு நாள் முடிந்தது.

இன்று சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடி அறைக்கு அவர் வரவில்லை. நான்தான் வைண்டிங் பிரிவுக்குப் போனேன். ஏழரை எச்.பி. மோட்டாருக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தார். விரல்கள் முன்பைவிட வேகமாகப் போயின.

"வாங் அம்மிணி. சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க்கா. நீங்க?"

"ஆச்சுங். பருப்பும் கத்திரிக்காயும்." கம்பியை இழுத்தார். "அந்த ஆறுச்சாமி பையன் கேட்டான்னு சைக்கிளக் குடுத்துட்டேனுங். சும்மா எடத்த அடச்சுட்டு நின்னுது."

"கவினோட சைக்கிளுங்களா?"

"ஆமாங்." தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் இன்னும் ஏன் நிற்கிறேன் என்பது அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். "என்னுங் அம்மிணி, நம்பர் ஏதாச்சும் வேணுங்களா?"

"இல்லீங்க்கா."

சூப்பர்வைசர் சொன்னார், இன்று வைண்டிங்கில் அவர்தான் முதலிடம்.

மே 3, ஞாயிறு

காலை 9.40. எஸ்தர் அக்கா பத்துக்கு வருவார். முகம் கழுவிவிட்டேன். பாய் விரித்திருக்கிறது. துண்டு, தண்ணீர், எலுமிச்சம்பழம். வில்லை வேலை செய்யும்போது என்னால் எழுத முடியாது. நேரத்தைக் குறிக்க ஆள் வேண்டும். நோட்டை அம்மாவிடம் கொடுக்கிறேன். என்ன நடக்கிறதோ அதை மணி போட்டு எழுதினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா எட்டாவது வரை படித்தவள். நீயும் அழும்போது எப்படி எழுதுவாய் என்று கேட்டேன். அப்போதைக்கு வைத்துவிட்டு அப்புறம் எழுதுகிறேன் என்றாள்.

பேனாவை அம்மாவிடம் கொடுக்கிறேன்.

மணி 10.05. நர்ஸ் வந்தது. பெட்டியில் ஒரே ஒரு வில்லைதான் இருந்தது.

என்னுடையது எங்கே என்று கேட்டேன். சிந்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. கொண்டையை அவிழ்த்துக் காட்டினேன். சித்திரை பிறக்க நாலு நாள் முன்னால் நர்ஸிடம் கேட்டு ஒட்டிக்கொண்டது. இவளிடம் சொல்லவில்லை. நான் முன்னாலேயே அழுது தீர்த்துவிட்டால் இவள் நாள் வரும்போது இவள் தனியாக அழ வேண்டும். அதனால் என்னுடையதைச் சேர்த்து வைத்தேன். ஒரு சாவுக்கு ஒரே நாள்தானே. கருமாதியை ஆளுக்கொரு நாளாகவா வைக்கிறோம். இவளுக்குக் கொடுக்கிற நாளையே எனக்கும் கொடுப்பார்கள் என்று இருந்தேன்.

மணி 10.15. நர்ஸ் போனில் பார்த்தது. எனக்கு ஜூன் இருபத்தாறு என்றது. ஆனி பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் யாராவது துக்கம் கேட்பார்களா. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நாள் விடமாட்டார்களாம். ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இதை மாற்ற முடியாதா என்று சிந்துவைக் கேட்டேன். பூட்டு தீர்ந்துவிட்டது என்றாள்.

மணி 10.25. சிந்து என் காதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். நாளையோடு அவளுக்கு முடிகிறது. ஒட்டுங்கக்கா என்றாள்.

மணி 10.50. ஆரம்பித்தது. அப்பா என்று கூப்பிட்டாள். சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி.

மணி 11.30. தரையில் தலையை முட்டினாள். தலையணை வைத்தேன்.

மணி 12.10. வசந்தாமணி, வசந்தாமணி என்கிறாள். யார் என்று எனக்குத் தெரியாது. நர்ஸுக்குத் தெரியும் போல. அது எழுந்து வாசலுக்குப் போய்விட்டது. அப்பாவைக் கூப்பிட்டதைவிட அதிகமாக அந்தப் பெயரைத்தான் சொன்னாள். சைக்கிள், பை என்றும் சொன்னாள். எங்கள் வீட்டில் சைக்கிள் இல்லை.

மணி 2.00. தண்ணீர் குடித்தாள். மறுபடி ஆரம்பித்தது.

மணி 3.50. ஐந்து மணி நேரம் என்று சீட்டில் போட்டிருந்தது. அதோடு முடியவில்லை.

மணி 4.20. என்னைக் கட்டிப் பிடித்தாள். நானும் பிடித்துக்கொண்டேன். என் தோள் நனைந்துவிட்டது. நீயும் அழும்மா, நீயும் அழும்மா என்றாள். நான் அவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். டீ கிளாஸை நினைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

காபி வைக்கட்டுமா சாமி என்று கேட்டேன்.